கட்டிலுக்கடியில் இருக்கட்டும்

காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த நாய் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் குரைக்காது. வைத்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொறித்துவிட்டு விலகும், மூலையில் சுருண்டு கிடக்கும். ‘எவ்வளவு சாது பாருங்கள்!’ என்று வீட்டாருக்குப் பெருமை பிடிபடாது. மூன்றாவது வாரம் கூரியர்காரரைப் பார்த்து அது பல்லைக் காட்டினால், ‘நன்றாகத்தானே இருந்தது, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்’ என்று புலம்பல் ஆரம்பிக்கும். நாய் கெடவில்லை. முதல் வாரத்தில் நாம் சாதுத்தனம் என்று நினைத்தது பயம். அந்தப் பயம் தெளியும்வரை அதை அதன் போக்கில் விடுவதுதான் தத்தெடுத்தவர் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தத்துப்போன 99 நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வாரத்தோடு ஒப்பிட்டால், அந்நியரிடம் சீறுவதும் அதீதத் துள்ளலும் போகப்போகக் கூடியிருந்தன. ஆளைப் பிரிந்தால் தவிப்பதும் காலையே சுற்றிவருவதும் ஆறாம் மாதத்தில் குறைந்திருந்தன. அப்படியும் வளர்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் நாய் நல்ல நாய் என்றே சொன்னார்கள். நெதர்லாந்தில் நாயின் முடியிலுள்ள கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முடியில் பல வாரத்துக் கணக்கு பதிவாகியிருக்கும். காப்பகத்தில் ஆறு வாரம் கழிந்தபின் கூடியிருந்த அளவு, வீடு போய்ச் சேர்ந்த பிறகு இறங்கியது. ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்று நாய் புது வீட்டுக்குப் பழகும் காலத்துக்கு விலங்கு ஆர்வலர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அனுபவத்தில் வந்த உத்தேசக் கணக்குதான், ஆனால் பொறுமையின் அளவைச் சொல்ல அது போதும்.

முதல் நாட்களில் நாய்க்கு வேண்டியது இவ்வளவுதான்: ஆட்கள் அதிகம் நடமாடாத ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம், காப்பகத்தில் போட்ட அதே உணவு, அதே நேரத்தில். முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம், பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் இரண்டு வாரம் பொறுக்கட்டும். கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டால் காலைப் பிடித்து இழுக்காமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். தூக்கமில்லாமலே கொட்டாவி, பசியில்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது எல்லாம் ‘கிட்டே வராதே’ என்பதற்கு நாய் வைத்திருக்கும் மரியாதையான வார்த்தைகள். குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி கடி மிச்சம்.

பாசத்துக்கு ஏங்கும் ஜீவனைத் தொடாமல் இருப்பது கல்மனசு இல்லையா என்று சிலர் கேட்கலாம். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வும் அவர்கள் கட்சிதான்போல் தெரியும்: அறிமுகமில்லாத ஆள் தீனி போட்டதைவிடத் தலையைத் தடவிக் கொடுத்ததே தெருநாய்களின் நம்பிக்கையைப் பெற்றது. ஆனால் அந்த நாய்கள் தெருவில் நின்றவை, பிடிக்கவில்லையென்றால் நடையைக் கட்டியிருக்கும். பூட்டிய ஃபிளாட்டில் அந்த வசதி இல்லை. ஆகவே தடவலாம், நாய் தானாக வந்து மூக்கை நீட்டிய பிறகு. ஆரம்பத்திலேயே அதட்டி வைக்காவிட்டால் தலைக்கேறிவிடும் என்பது இன்னொரு வாதம். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். தெருவில் சுற்றியதைச் சங்கிலியில் பிடிப்பது பாவம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புது இடத்தில் மிரண்டு ஓடும் நாய்க்கு உங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாது. கழுத்துப்பட்டை பின்வாக்கில் உருவிக்கொண்டு வந்துவிடும், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை அவ்வளவு எளிதில் வராது.

உடம்பு விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. ஒரு நாள் தாண்டியும் எதையும் தொடாவிட்டால், வாந்தியோ ரத்தம் கலந்த பேதியோ கண்டால், மருத்துவரிடம் ஓட வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி காத்திருக்காது. பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தீபாவளி நெருங்கும்போது தத்தெடுக்க நினைப்பவர்கள் வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு போகலாம், காப்பகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.