தடையற்ற வணிகமும் நாட்டின் இறையாண்மையும்: தீவின் தோப்பிலிருந்து ஒரு பார்வை

ஸ்ரீ விஜயபுரம் என இன்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரை அடுத்திருக்கிறது புரோத்ராபூர். தென்னையும் பாக்கும் தெற்கு அந்தமான் மக்களின் நெடுநாளைய வாழ்வாதாரங்கள். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தாய்லாந்தின் புக்கெட்டும், இந்தோனேசியாவின் ஆச்சேயும் சுமார் 750 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. நமது தோப்புகளில் விளையும் அதே பயிர்கள் அந்நாடுகளிலும் விளைகின்றன. ஆகவே, அந்நாடுகளோடு இந்தியா செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தம் தீவின் விவசாயிக்குத் தொலைதூரச் செய்தி அன்று. அவர் விளைபொருளின் விலையோடு பிணைந்த ஒன்றாகும்.

இத்தகைய ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "இறையாண்மை" என்னும் சொல்லும் உடன் எழுகிறது. ஒப்பந்தம் நாட்டை வளப்படுத்தும் என்பர் ஒரு சாரார். நாட்டின் கைகளைக் கட்டிவிடும் என்பர் மறு சாரார். இவ்விரண்டில் எது எவ்வளவு உண்மை என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பந்தம் என்ன செய்கிறது?

இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்க வரி விதிக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு. தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இரு தரப்பும் அவ்வரிகளைப் படிப்படியாகக் குறைக்கவோ நீக்கவோ உறுதி அளிக்கின்றன. உறுதி அளித்த பின், அந்த வரம்புக்கு மேல் வரியை உயர்த்த இயலாது. உரிமையின் ஒரு பகுதியை நாமே விரும்பி வரையறுத்துக்கொள்கிறோம். அதற்கு ஈடாக நமது பொருள்களுக்குப் பிற நாடுகளின் சந்தை திறக்கிறது. இதுவே இக்கொடுக்கல் வாங்கலின் சாரம்.

தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் கூட்டமைப்புடன் இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் 489 பொருள்கள் வரிக்குறைப்பே இல்லாத விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. கச்சாப் பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு ஆகிய ஐந்தும் சிறப்புப் பொருள்களாக்கப்பட்டன. இவற்றின் வரி முற்றிலும் நீங்காமல், 2019 இறுதிக்குள் மெல்லக் குறைய வேண்டும் என முடிவாயிற்று. கச்சாப் பாமாயிலுக்கு 37.5 விழுக்காடு, சுத்திகரித்த பாமாயிலுக்கும் காப்பிக்கும் தேயிலைக்கும் 45, மிளகுக்கு 50 என்பவை இறுதி வரம்புகள்.

இவ்வேற்பாடு போதாது என்று கேரளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு, தோட்டப் பயிர் விவசாயிகளும் மீனவர்களும் பாதிக்கப்படுவர் என வாதிட்டது. மத்திய அரசோ, விலக்குப் பட்டியலும் நீண்ட கால அவகாசமும் போதிய பாதுகாப்பு என விடையளித்தது.

கை கட்டப்பட்டதா?

பாமாயிலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளைக் காக்க 2018 மார்ச்சில் சுத்திகரித்த பாமாயிலுக்கான வரி 54 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆயினும், மலேசியாவுடன் 2011 முதல் நடைமுறையில் உள்ள தனி ஒப்பந்தத்தின்படி, 2019 ஜனவரி 1 முதல் அந்நாட்டு எண்ணெய்க்கு 45 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்க வழியில்லாமற் போயிற்று. இறக்குமதி பெருகவே உள்நாட்டு ஆலைகள் முறையிட்டன. ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருந்த பாதுகாப்பு விதியைக் கொண்டு 2019 செப்டம்பரில் 5 விழுக்காடு கூடுதல் வரி தற்காலிகமாக விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி இரு தரப்பு வாதங்களுக்கும் ஓரளவு சான்றாகிறது. அரசு விரும்பிய வரியை விதிக்க இயலவில்லை என்பது உண்மை. நெருக்கடி நேர்ந்தபோது ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு வாயில் இருந்தது என்பதும் உண்மை.

நாணயத்தின் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். 2025 மே இறுதியில் கச்சாச் சமையல் எண்ணெய்களின் அடிப்படை வரியை இந்தியா 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. ஒப்பந்தம் 37.5 வரை இடமளித்திருக்க, நுகர்வோர் விலையைக் கருதி நாமே எடுத்த முடிவு இது. ஆகவே, விவசாயி உணரும் விலைச்சரிவு அனைத்துக்கும் ஒப்பந்தமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. அதே ஆண்டுகளில், 2021-இல் ரூ. 11,040 கோடியில் தொடங்கப்பட்ட எண்ணெய்ப்பனைத் தேசிய இயக்கம், வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் சிறப்பிடம் அளித்தது. எண்ணெய்ப்பனை நடுவோர்க்கு வரிக்கொள்கையின் உறுதி எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பொருள் எங்கிருந்து வருகிறது?

வரிச்சலுகை ஒப்பந்த நாட்டில் விளைந்த அல்லது உருவான பொருளுக்கே உரியது. ஆசியான் ஒப்பந்தப்படி, வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பண்டமாயின், அதன் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு அவ்வட்டாரத்தில் உருவாகியிருக்க வேண்டும். பண்டத்தின் வகையும் மாறியிருக்க வேண்டும். இவ்விதி தளர்ந்தால், மூன்றாம் நாட்டுச் சரக்கு பின்வாசல் வழியே நுழையும். 2000 முதல் நடைமுறையிலுள்ள இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி வேற்று நாட்டு மிளகு வருவதாகப் புகார் எழுந்தபோது, 2017 டிசம்பரில் கிலோவுக்கு ரூ. 500 என்னும் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கப்பட்டது. பாக்குக்கு அவ்விலை 2023 பிப்ரவரியில் ரூ. 351 ஆக உயர்த்தப்பட்டது. சலுகை கோரும் இறக்குமதியாளரே மூலநாட்டு விவரங்களைத் திரட்டி வைத்திருக்க வேண்டும் என்னும் சுங்க விதிகளும் 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன.

முடிவெடுப்பவர் யார்?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி அயல்நாட்டு ஒப்பந்தங்களும் அயல் வணிகமும் மத்திய அரசின் பொறுப்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. எனினும், கையெழுத்திடுமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்க, அதன் விலையைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தில் மாநிலங்களுக்கு வாக்கில்லை என்பதே கேரளம் போன்ற மாநிலங்களின் குறை. சட்டமன்றமே இல்லாத அந்தமான் நிகோபார் தீவுகளுக்கோ மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே உள்ளார். இறையாண்மை பற்றிய விவாதத்தின் மெய்யான கேள்வி இங்குதான் உள்ளது: நாடு ஒப்பந்தம் செய்யலாமா என்பதைவிட, அதன் சுமையைத் தாங்குவோரின் குரல் உரிய காலத்தில் கேட்கப்படுகிறதா என்பதே அது.

இணையாதிருப்பதும் இறையாண்மையே என்பதை 2019 நவம்பர் 4 அன்று இந்தியா காட்டியது. பதினாறு நாடுகள் பேசிவந்த ஆர்செப் எனப்படும் வட்டார ஒப்பந்தத்திலிருந்து பாங்காக்கில் விலகிக்கொண்டது. ஏனைய 15 நாடுகள் அடுத்த ஆண்டு கையெழுத்திட்டன. பின்னர் ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலியவற்றுடன் இந்தியா தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. 2023-24-இல் ஆசியானுக்கு நமது ஏற்றுமதி சுமார் 4,100 கோடி டாலர். இறக்குமதியோ சுமார் 8,000 கோடி டாலர். இந்த ஏற்றத்தாழ்வே பழைய ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்னும் கோரிக்கைக்கு வலுவூட்டியது.

வாடிக்கையாளர் கருத வேண்டுவன

தோப்பு வைக்கவோ புதுப்பிக்கவோ கடன் பெறுவோர் இன்றைய விலையை மட்டும் கொண்டு கணக்கிடலாகாது. தென்னையும் எண்ணெய்ப்பனையும் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வரி பன்முறை மாறக்கூடும். தாழ்ந்த விலையிலும் தவணை கட்ட இயலுமா என்று பார்த்தே கடனின் அளவை முடிவுசெய்தல் நன்று. ஊடுபயிரும் மதிப்புக்கூட்டலும் விலைச்சரிவின் வேகத்தைத் தணிக்கும். ஏற்றுமதியில் ஈடுபடுவோர் மூலநாட்டுச் சான்றிதழைப் பெறத் தவறினால், வாங்குபவர் அங்கே முழு வரி செலுத்த நேரும். சந்தை திறந்திருந்தும் நமக்குப் பயனில்லாமற் போகும்.

ஒப்பந்தம் வரமும் அன்று, சாபமும் அன்று. எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம், எந்த வாயிலைத் திறந்து வைத்தோம் என்பவற்றைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும். புரோத்ராபூரின் முற்றத்தில் பாக்கு உலர்த்துவோரும் இக்கணக்கை அறிந்திருப்பாராயின், அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சின்போது அவர் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும்.