பாலத்துக்கு இரு கரையிலும் யானைக்கால்

இடக்கொச்சியிலிருந்து பாலத்தைக் கடந்தால் அரூர். இந்தப் பக்கம் கொச்சி மாநகராட்சி. அந்தப் பக்கம் சேர்த்தலைத் தாலுகாவின் கயிற்றுத் தொழில் கிராமங்கள். நடுவே இருப்பது காயல் மட்டுமே. ஆயினும் யானைக்கால் நோயைப் பொறுத்தமட்டில் இரு கரைகளும் இரு வேறு உலகங்களாக இருந்து வந்துள்ளன.

இந்த நோயைப் பரப்புவது கொசு. 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய டாக்டர் பாட்ரிக் மான்சன், நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர் கொச்சியில் பழி முழுவதும் தண்ணீர் மேல்தான். வசதி படைத்தோர் ஆலுவாய் ஆற்றுத் தண்ணீரை வள்ளத்தில் வரவழைத்துக் குடித்தனர். ஏழைகளுக்கு ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரே கதி. குற்றவாளி கொசுதான் என்று தெரிந்த பிறகும் கணக்கு அதிகம் மாறிவிடவில்லை. கொசு வலையும், கம்பி வலை அடித்த ஜன்னலும் காசுள்ளவர்க்கே கைகூடின.

நகரக் கொசு க்யூலெக்ஸ். அது தேங்கிய சாக்கடையில் பெருகுவது. மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளும், தமிழகத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் வாத்துருத்தியும் அதற்கு ஏற்ற இடங்கள்.

கிராமத்துக் கொசு மான்சோனியா. அதன் புழுக்கள் ஆகாயத் தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன. சேர்த்தலைப் பக்கம் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. தென்னைக்கு உரமாகும் என்று இந்தச் செடியை விட்டுவைத்தவர்களும் உண்டு. வீட்டுக் குளமே நோய்க்கு நாற்றங்காலாகிவிட்டது!

1980களில் புதுச்சேரியின் கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையத்தார் இங்கு ஒரு நல்ல வழி கண்டனர். செடியை அகற்றிக் குளத்தில் மீன் வளர்க்கச் செய்தனர். அதற்கு வங்கிக் கடனும் கிடைத்தது. மீன் விற்ற காசு கைக்கு வந்ததால் ஜனங்கள் தாமாகவே குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முன்வந்தனர். உபதேசத்தைவிட மீன் நன்றாக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். நகரத்துக்கு அந்த வழி இல்லை. சாக்கடையில் யார் மீன் வளர்ப்பது?

கால் வீங்கியவர்களுக்கு அவ்வப்போது கடுஞ்சுரமும் நெறிகட்டலும் வரும். அந்த நாட்களில் படுக்கைதான். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. சுமை தூக்குபவருக்கு அத்தனை நாள் கூலியும் போயிற்று. சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து வந்தால் இந்தச் சுரம் வெகுவாகக் குறையும். செலவில்லாத வைத்தியந்தான். ஆனால் தெருக் குழாயில் குடத்துக்கு வரிசை நிற்கும் வீட்டில் காலுக்கென்று தனியாகத் தண்ணீர் ஏது?

புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை அரசு இலவசமாகவே வழங்கி வந்துள்ளது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. வீக்கம் வருமுன் நோயை அறிய ரத்தப் பரிசோதனை உண்டு. புழுக்குஞ்சுகள் இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வருகின்றன; ஆகவே ரத்தம் எடுப்பதும் இரவில்தான். இரவு ஷிப்டுக்குப் போன தொழிலாளி அந்நேரம் வீட்டில் இருப்பதில்லை.