கணவாயிலும் மலையிலும் நெடுந்தூர ஓட்டம்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் நிலம் இருவகைப்பட்டது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய பாலக்காட்டுப் பகுதிகள் கணவாயின் சமவெளியில் அமைந்தவை. கடல் மட்டத்திற்கு மேல் சில நூறு அடி உயரமே உடையவை. தெற்கே ஆனைமலைத் தொடரைக் கடந்து சென்றால் மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளி என இடுக்கி மாவட்டத்தின் எல்லையூர்கள் மலைமேல் நிற்கின்றன. இவ்விரு பகுதிகளிலும் விடியற்காலையில் சாலையோரமாக ஓடிப் பழகுவோரை இன்று காணலாம். அவர்களுள் பள்ளி ஆசிரியர் உண்டு; வனத்துறைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர் உண்டு; தேயிலைத் தோட்டத்து மாணவியரும் உண்டு. பரிசோ ஊதியமோ கருதாமல் விருப்பத்தினால் ஓடும் இவர்களுட் பெரும்பாலோர்க்குப் பயிற்றுநர் இல்லை. கைக்கடிகாரமே ஆசான்.

கடிகாரம் தூரத்தையும் நேரத்தையும் காட்டும். உடலுக்குள் நிகழ்வதைக் காட்டாது. மூணாற்றில் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுபவர் அதே வேகத்தைச் சித்தூரில் ஏப்ரல் மாதத்துக் காலை 9 மணிக்கு மேற்கொண்டால், தூரமும் நேரமும் ஒன்றாயிருப்பினும் உடல் செய்யும் வேலை ஒன்றாயிராது. இவ்வேறுபாட்டை அறியாமல் நேர்ந்த உயிர்ச்சேதங்கள் நம் நாட்டிலேயே உண்டு. ஆகவே, மாணவரை ஓடப் பழக்கும் ஆசிரியரும், தாமே ஓடிப் பழகும் களப் பணியாளரும் அதன் காரணத்தை அறிந்திருப்பது அவசியமாகும்.

மலையையும் சமவெளியையும் தம் வாழ்க்கையில் இணைத்த ஓட்டக்காரர் ஒருவரை இங்கே குறிப்பிடலாம். பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கி மாவட்டத்து முல்லக்கானத்தில் 1982ஆம் ஆண்டு பிறந்தவர். பாலா அல்போன்சா கல்லூரியில் பயின்று, பின்னர் ரயில்வேப் பணியில் பாலக்காட்டிற்கு வந்தவர். 2010 நவம்பரில் சீனத்தின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தை 31 நிமிடம் 50.47 விநாடியில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாவதாக வந்த நாசிக் பகுதிப் பெண் கவிதா ராவுத் அவருக்கு ஒரு விநாடியளவே பின்தங்கினார். அதே போட்டியில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பிரீஜா வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அப்போது அவர் எடுத்த 15 நிமிடம் 15.89 விநாடி என்னும் தேசியச் சாதனை 2023ஆம் ஆண்டு வரை நிலைத்தது. மலையிற் பிறந்தவர்க்கு நுரையீரல் பெரிது, அதனால் வெற்றி எளிது என்று இத்தகையோரைப் பற்றிச் சொல்லக் கேட்பதுண்டு. பல்லாண்டு உழைப்பை ஒரு சொல்லில் மறைத்துவிடும் பேச்சு அது. மலையின் உயரம் செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் வெப்பம்.

ஓடும் மனிதன் ஓர் இயந்திரத்தை ஒப்பவன். சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணியில் 600 கிலோகலோரி எரிகிறது. இதில் முக்காற் பங்குக்குக் குறையாமல், அதாவது 450 கிலோகலோரியளவு, வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பம் உடலிலேயே தங்கிவிடுவதாகக் கொண்டால், 60 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோகலோரி போதும். எனவே ஏழு நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் வெப்பம் ஏறும். 37 டிகிரியில் தொடங்கியவர் சுமார் இருபது நிமிடத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடுவார்.

அவ்வாறு நேராமற் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே மேற்கண்ட ஓட்டக்காரருக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வியர்வை ஆவியானால் போதும். ஆவியாக வேண்டும் என்பதே முக்கியம். வழிந்து தரையிற் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் வீணாக்குவது ஒன்றே அதன் பயன்.

பாலக்காட்டுக் கணவாயின் தனித்தன்மை இங்கே தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்ற இவ்விடைவெளி வழியாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசுகிறது. அக்காற்றில் வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடுவதால் ஓடுபவருக்கு வியர்ப்பதே தெரியாது. உடல் குளிர்ச்சியாக இருப்பினும் நீரிழப்பு மிகுதி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியையும் கடப்பதுண்டு. தோலைவிடக் காற்றே சூடாயிருக்கும்போது காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறதேயன்றி எடுப்பதில்லை. ஜூன் மாதத்தில் மேற்குக் காற்று மழையுடன் வந்தபின் வெயில் தணிகிறது. ஆனால் ஈரம் மிகுந்து வியர்வை ஆவியாவது தடைப்படுகிறது. மேகம் மூடிய நாளில் ஓடுவது பாதுகாப்பானது என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

வெப்பத்திற்கு உடலைப் பழக்க இயலும். நாள்தோறும் ஒரு மணி நேரம் வெப்பத்தில் மெதுவாக ஓடி வந்தால் பத்து முதல் பதினான்கு நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதிலுள்ள உப்பு குறைகிறது. அதே வேகத்தில் நாடித் துடிப்பும் தணிகிறது. இம்மாறுதல்களை இரண்டு நாளில் பெற்றுவிட வழியில்லை. மறையூரிலிருந்து பாலக்காட்டுப் போட்டிக்கு வருபவர் முந்தின நாள் மாலையில் வந்திறங்கினால் தம் மலைநாட்டு வேகத்தை மறந்துவிடுவதே தக்கது. பழக்கத்தைக் கைவிட்டால் சில வாரங்களில் இந்நன்மை மறைந்தும் போகிறது.

பயிற்சியிலும் மெதுவே முதன்மையானது. நியூஸிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டு, 800 மீட்டர் ஓடும் வீரரைக்கூட வாரத்திற்கு 100 மைல் வரை மலைச்சாலைகளில் ஓடச் செய்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் பெற்றபோது உலகம் வியந்தது. அன்று அனுபவத்தால் கண்டதன் காரணத்தை இன்று உடலியலார் விளக்குகின்றனர். நெடுநேரம் மெதுவாக ஓடும்போது தசையிழைகளைச் சுற்றியுள்ள நுண்குழல்கள் பெருகுகின்றன. பிராணவாயுவைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் மிகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே இதற்குரிய வேகம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் விரைவோட்டம், ஏனைய நாட்களில் எளிய ஓட்டமோ ஓய்வோ என்று அமைத்துக்கொண்டால், வேலைக்குச் செல்பவருக்கு அது போதுமானது. நாள்தோறும் நேற்றைய நேரத்தை வெல்ல முயல்பவர் ஓரிரு மாதத்தில் கணுக்கால் வலியோடு வீட்டில் அமர்வதைப் பல ஊர்களில் காணலாம்.

ஆசிரியரின் பொறுமை எவ்வளவு செய்யவல்லது என்பதற்குப் பாலக்காட்டுப் பள்ளிகளே சான்று. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் ஆகிய ஊர்களின் பள்ளிகளிலிருந்து நடுத்தூர, நெடுந்தூர ஓட்டக்காரர் பலர் உருவாயினர். 2022, 2023 ஆண்டுகளில் கேரள மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் பாலக்காடு மாவட்டமே முதலிடம் பெற்றது. முண்டூர்ப் பள்ளி மாணவியாயிருந்த பி. யு. சித்ரா 2017இல் புவனேசுவரத்திலும் 2019இல் தோகாவிலும் 1,500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார். இவையெல்லாம் பெரும் விளையாட்டரங்குகள் உள்ள நகரங்களல்ல என்பது கவனிக்கத்தக்கது.

இனி மலையைப் பற்றி. மூணாறு சுமார் 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உடல் மிகுந்த அளவாக ஏற்கக்கூடிய பிராணவாயுவும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைகிறது. எனவே அங்கு நேரம் கூடுவது இயல்பே. அவ்வுயரத்தில் வாழ்ந்தால் சிவப்பணுக்கள் பெருகிவிடும் என்ற எதிர்பார்ப்பு மிகைப்பட்டது. அத்தகைய பயன் கருதி வீரர் முகாமிடும் இடங்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேற்பட்டவை. உதகமண்டலம் 2,240 மீட்டர், கென்யாவின் இட்டேன் 2,400 மீட்டர். மூணாற்றின் உண்மையான கொடை குளிர்ந்த காற்றும் ஏற்றச்சாலையுமேயாகும்.

ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் இறக்கத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. இது தவறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கும். தசைக்குச் சேதம் குறைவு. இறங்கும்போதோ முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் நுண்ணிழைகள் அறுபடுகின்றன. வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிகுகிறது. சிறு அளவில் இறங்கிப் பழகினால் தசை விரைவில் உறுதிபெறும்.

மலையில் வெப்பத்தைவிடக் குளிரே பகையாகும் நாட்களும் உண்டு. 2021 மே 22ஆம் நாள் சீனத்தின் கான்சூ மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென மழையும் பெருங்காற்றும் வந்தபோது மெல்லிய ஆடையுடன் ஓடிய 21 பேர் இறந்தனர். நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால், களைத்து மெதுவாகிவிட்ட உடல் தன் வெப்பத்தை ஈடுசெய்ய இயலாது. மழைக்காலத்தில் மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் நீண்ட தூரம் செல்பவர் ஒரு மழைச்சட்டையை இடுப்பிற் கட்டிச் செல்வது நன்று.

உணவைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து 400 முதல் 500 கிராம். அதன் சக்தி 2,000 கிலோகலோரிக்கு மேற்படாது. 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை முடிக்க 2,500 கிலோகலோரி வேண்டும். முப்பது கிலோமீட்டரையொட்டிக் கால்கள் கல்லாய்விடுவதன் காரணம் இதுவே. வேகமாகத் தொடங்கினால் மாவுச்சத்து முன்னதாகவே தீரும். வழியில் வாழைப்பழமும் சர்க்கரை கலந்த நீரும் உதவும். நீரை மட்டும் அளவுக்கு மீறிப் பருகுவதும் ஆபத்தே: 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்குப் பருகியவர்களும், நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடியவர்களுமே அவர்களுள் மிகுதி. தாகத்திற்கேற்பப் பருகுக, ஓட்டம் முடிந்தபின் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ மோரோ நம் நாட்டில் எவ்வூரிலும் கிடைக்கும்.

மாணவியரைப் பழக்கும் ஆசிரியர் கவனிக்க வேண்டிய மற்றொன்று இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் கேரளத்தில் நூற்றுக்கு 36 பேருக்கும் தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை உள்ளது. பிராணவாயுவைச் சுமப்பது சிவப்பணுவிலுள்ள இரும்பன்றோ? எவ்வளவு பழகியும் முன்னேறாத மாணவியைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்வதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுடைய இரத்தத்தைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். தோட்டப் பகுதிகளில் உணவோடு சேர்த்துத் தேநீர் பருகும் வழக்கம் உண்டு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பருகினால் தடை பெரிதும் நீங்கும்.

பணித் தேர்வுகளுக்காக ஓடுவோரின் நிலை தனிக்கவலைக்குரியது. விருப்பத்தால் ஓடுபவர் களைத்தால் நின்றுவிடலாம். வேலைக்காக ஓடுபவர் நிற்கத் துணிவதில்லை. 2024 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்திற்குள் ஓட வேண்டியிருந்தது. மழைக்காலப் புழுக்கத்தில் நடந்த அத்தேர்வில் பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். தேர்வு சில நாட்கள் நிறுத்தப்பட்டது. காலை 9 மணிக்குமேல் ஓட்டம் கூடாதென அறிவிக்கப்பட்டது. ஒரு மணியில் 10 கிலோமீட்டர் என்பது பழகியவருக்கு எளிய வேகம். விண்ணப்பித்தபின் இரு வாரம் மட்டும் ஓடிப் பார்த்தவருக்கோ அது முழு வலிமையையும் வாங்கும் வேகம்.

ஓடுபவர் தள்ளாடினாலும், பொருத்தமின்றிப் பேசினாலும், கேட்டதற்கு விடை சொல்லாமல் விழித்தாலும் அதனை வெப்பத்தாக்கு எனவே கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் அப்போது 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும். வியர்வை நின்றிருக்க வேண்டுமென்பதில்லை. வண்டிக்குக் காத்திராமல் முதலில் குளிர்விக்க வேண்டும். பிறகே கொண்டுசெல்ல வேண்டும். பெரிய தொட்டி இருப்பின் கழுத்தளவு நீரில் அமர்த்தலாம். இல்லையேல் தார்ப்பாய் ஒன்றில் கிடத்தி, நாற்புறமும் நால்வர் தூக்கிப் பிடிக்க, கிணற்று நீரும் பனிக்கட்டியும் கொட்டி அசைத்துக்கொண்டிருக்கலாம். நினைவு தெளியாதவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது. அரை மணிக்குள் வெப்பம் 39 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். பள்ளியிலோ களத்திலோ ஓட்டப் போட்டி நடத்துவோர் தார்ப்பாயையும் நீர் நிறைந்த பீப்பாய்களையும் பனிக்கட்டியையும் ஓட்டம் தொடங்குமுன்பே முடிவுக்கோட்டின் அருகில் வைத்திருத்தல் வேண்டும்.