சீட்டும் நம்ம கையில இருக்கட்டும்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிசானதும் அந்தப் பெயரில் மற்ற பூண்டும் விலைபோகும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைந்ததை மதுரையில் வாங்குகிறவர் எதை வைத்து நம்புவார்? பாக்கெட்டில் ஒட்டிய சீட்டை வைத்துத்தான்.

எங்கள் குழுவில் பி.ஜி.எஸ். சான்று. ரசாயனத்திலிருந்து மாறிக்கொண்டிருக்கும் நிலத்து விளைச்சலுக்கு ‘கிரீன்’, முழுசா மாறியதற்கு ‘ஆர்கானிக்’. இரண்டும் ஒரே கொட்டகையில்தான் பாக்கெட் ஆகின்றன. தொகுதி எண் இல்லாமல் போனால், ஒருத்தர் சரக்கில் குறை வந்தாலும் எல்லார் சரக்கையும் திரும்ப எடுக்கணும். அச்சகத்தில் ஆயிரம் சீட்டு மொத்தமா அடித்து வைத்தால் இந்த எண்ணைப் பேனாவால்தான் எழுத முடியும். அதனால் லேபிள் பிரிண்டர் வாங்கினோம்.

பிரிண்டரோடு வரும் டிசைன் மென்பொருளில் ஒவ்வொரு முறையும் பெட்டி இழுத்து, எழுத்து மாற்றி உட்கார வேண்டாங்க. பிரிண்டருக்கு என்று ஒரு கட்டளை மொழி இருக்கிறது. டிஎஸ்சி வகை பிரிண்டர்களுக்கு டிஎஸ்பிஎல், ஜீப்ராவுக்கு இசட்பிஎல். வாங்கும்போதே கேட்டுக்கோங்க. எங்களுடையது டிஎஸ்பிஎல். நோட்பேடில் ஆங்கில எழுத்தில் பத்து வரி, அவ்வளவுதான்.

முதலில் ‘சைஸ்’: சீட்டின் அகலம், உயரம். 50 எம்எம், 25 எம்எம் என்று கொடுக்கிறோம். அடுத்து ‘கேப்’, இரண்டு சீட்டுக்கு நடுவே உள்ள இடைவெளி. இது தப்பானால் எழுத்து அடுத்த சீட்டில் ஏறிவிடும். ‘டென்சிட்டி’ 0 முதல் 15 வரை. எழுத்து வெளிறினால் ஒன்றிரண்டு ஏற்றலாம். ரொம்ப ஏற்றினால் பார்கோடு கோடுகள் தடித்து ஸ்கேனர் படிக்காது. பிறகு ‘சிஎல்எஸ்’. இதை விட்டால் முந்தின சீட்டின் எழுத்து மேலேயே புதுசும் அடிக்கும். கிரீன் மேல் ஆர்கானிக் விழுந்தால் என்ன ஆகும், நீங்களே யோசிங்க! அப்புறம் ‘டெக்ஸ்ட்’ வரிகள். இடத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்லணும். 203 டிபிஐ பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. கடைசியில் ‘பிரிண்ட்’, எத்தனை சீட்டு என்ற எண்ணோடு. அந்த வரிக்குப் பின்னும் ஒரு என்டர் தட்டணும், இல்லாவிட்டால் பிரிண்டர் சும்மா நிற்கும்.

இந்தக் கோப்பை விண்டோஸில் ‘காப்பி’ கட்டளையால், ‘/பி’ சேர்த்து, பகிர்ந்து வைத்த பிரிண்டருக்கு அனுப்பலாம். குழுவில் கணினி தெரிந்த ஒரு தம்பி இதற்குச் சின்ன பேட்ச் ஃபைல் எழுதிக் கொடுத்தார். உறுப்பினர் எண், எடை, எத்தனை சீட்டு, மூன்றையும் கேட்கும். கிரீனா ஆர்கானிக்கா என்று கேட்காது. உறுப்பினர் எண்ணை வைத்து அதுவே போட்டுக்கொள்ளும். மனுசர் தேர்ந்தெடுக்கிற இடம் குறைந்தால் சீட்டு மாறுவதும் குறையும் என்பது என் கருத்து.

2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாகணும். தமிழ் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆனால் பிரிண்டரின் உள் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ‘மலைப்பூண்டு’ என்பதைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கி, ‘டவுன்லோட்’ கட்டளையால் பிரிண்டருக்குள் ஏற்றி, ‘புட்பிஎம்பி’ வரியால் அழைக்கிறோம். ஏற்றும்போது ‘எஃப்’ சேர்த்து ஃபிளாஷ் நினைவில் வையுங்க. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலும் அது அழியாது.