அமானிதம் பேணிய அரசி: போபால் சுல்தான் ஜஹான் பேகம்

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பணத்தையும் பண்டத்தையும் அமானிதம் என்கிறோம். அதைக் குறைவின்றித் திருப்பித் தருவது கடமை என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால், பதவியும் ஓர் அமானிதமே என்பதைப் பெரியவர்களே மறந்துவிடுகின்றனர். தமக்கு ஒரு பொறுப்பைத் தரலாகாதா என்று ஹஸ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது ஓர் அமானிதம் என்றும், அதற்குரிய கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்க்கு அது மறுமையில் இழிவாகவும் வருத்தமாகவும் முடியும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

இந்த எச்சரிக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணியின் வரலாற்றைப் பார்ப்போம். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு நாட்டை ஆண்டு, பின்னர்த் தம் கையாலேயே அந்தப் பொறுப்பை இறக்கி வைத்த போபால் நவாப் சுல்தான் ஜஹான் பேகம் அவர்களே அந்தப் பெண்மணி.

வாசக நேயர்களே! பெண் ஆட்சி செய்யலாமா என்ற கேள்வி உங்களுள் எழக்கூடும். பாரசீகர்கள் தம் மன்னனின் மகளை அரியணையில் ஏற்றிய செய்தி எட்டியபோது, தம் காரியத்தைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தது புகாரி ஷரீஃபில் உள்ளது. முஸ்லிம்கள் அனைவருக்கும் தலைமை தாங்கும் கிலாஃபத் பொறுப்பு ஆண்களுக்கே உரியது என்று நம் இமாம்கள் கூறியது இதன் அடிப்படையில்தான். அதே வேளையில், திருமறையின் 27ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துந் நம்லில் ஸபா நாட்டு அரசியின் வரலாற்றை அல்லாஹ் நமக்கு எடுத்துரைக்கிறான். பிரமுகர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டதும், போரால் வரும் அழிவை முன்னரே உணர்ந்ததும், உண்மை தெளிந்தபின் ஸுலைமான் (அலை) அவர்களுடன் இறைவனுக்குப் பணிந்ததும் அந்த அரசியின் சிறப்புகளாக அங்கே இடம்பெறுகின்றன. ஆலோசனை சபையின் துணையோடு நடக்கும் ஆட்சிக்கு ஒரு பெண் தலைமை ஏற்பது அந்த நபிமொழியின் எச்சரிக்கையில் அடங்காது என்று மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களும் இந்த வரலாற்றைச் சான்றாகக் கொண்டு விளக்கம் அளித்துள்ளார்கள். கருத்து வேறுபாட்டை அறிஞர்களிடம் விட்டுவிட்டு, நாம் வரலாற்றுக்குச் செல்வோம்.

மத்திய இந்தியாவில் உள்ள போபால், ஆப்கானியரான தோஸ்த் முஹம்மது கான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய சமஸ்தானமாகும். 1819ஆம் ஆண்டு அதன் நவாப் துப்பாக்கிக் குண்டு பட்டு இளமையிலேயே மாண்டுபோனார். அவருடைய மனைவி குத்ஸியா பேகம் அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர். கையில் பச்சிளம் பெண்குழந்தை. அந்த இளம் விதவை கலங்கி ஒதுங்கிவிடாமல், மகளின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்கள். குத்ஸியா பேகம், மகள் சிகந்தர் பேகம், பேத்தி ஷாஜஹான் பேகம், கொள்ளுப்பேத்தி சுல்தான் ஜஹான் பேகம் என நான்கு தலைமுறைப் பெண்மணிகளின் கையில் 1926 வரை போபால் இருந்தது. இடையே 1837 முதல் 1844 வரை மட்டும் சிகந்தர் பேகத்தின் கணவர் ஆண்டார். ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு உட்பட்ட சமஸ்தானம்தான் அது. முழுச் சுதந்திர அரசு அன்று. எனினும் உள்நாட்டு நிர்வாகம், வரி, நீதி, கல்வி ஆகியவை பேகம்களின் பொறுப்பிலேயே இருந்தன.

சுல்தான் ஜஹான் பேகம் அவர்கள் 1858ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பிறந்தார்கள். பாட்டியார் சிகந்தர் பேகம் அவர்களே பேத்தியின் கல்வியை முன்னின்று கவனித்தார்கள். திருக்குர்ஆன், பாரசீகம், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றோடு குதிரையேற்றமும் கற்பிக்கப்பட்டது. 1863-64இல் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி, அப்பயண அனுபவத்தை நூலாகவும் எழுதிய பெருமாட்டி அந்தப் பாட்டியார். 1868இல் அவர்கள் மறைந்தபோது பேத்திக்கு வயது பத்து.

அரண்மனையில் பிறந்தவர்க்குத் துன்பம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தாயார் ஷாஜஹான் பேகம் அவர்கள், முதல் கணவர் மறைந்தபின், 1871ஆம் ஆண்டு மார்க்க அறிஞர் சித்தீக் ஹஸன் கான் அவர்களை மறுமணம் செய்துகொண்டார்கள். பின்னர்த் தாய்க்கும் மகளுக்கும் இடையே மனத்தாங்கல் வளர்ந்தது. ஒரே நகரத்தில் வாழ்ந்தும் பல ஆண்டுகள் உறவாடாத நிலை ஏற்பட்டது. சுல்தான் ஜஹான் பேகத்தின் மூத்த மகள் பில்கீஸ் ஜஹான், பாட்டியாரின் அரண்மனையில் வளர்ந்து, பன்னிரண்டு வயதளவில் இறந்துபோனாள். இரண்டாம் மகள் ஆஸிஃப் ஜஹானும் சிறுமியாகவே மறைந்தாள். இரண்டு பெண்மக்களையும் மண்ணுக்குக் கொடுத்த தாயாக, மூன்று ஆண்மக்களோடு சுல்தான் ஜஹான் பேகம் அவர்கள் காலம் கழித்தார்கள்.

1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாயார் புற்றுநோயால் இறையடி சேர்ந்தார்கள். ஜூலை 4ஆம் நாள் மகள் ஆட்சிப் பொறுப்பேற்றார்கள். ஆறு மாதங்கள் முடிந்த நிலையில், 1902 ஜனவரியில் கணவர் அஹ்மத் அலீ கான் அவர்களும் காலமானார்கள். தாயும் இல்லை, துணைவரும் இல்லை. கையில் இருந்ததோ வறண்ட கருவூலம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வட இந்தியாவையும் மத்திய இந்தியாவையும் வாட்டிய பெரும் பஞ்சம் போபாலையும் விட்டுவைக்கவில்லை. 1891இல் ஒன்பதரை லட்சமாக இருந்த சமஸ்தானத்தின் மக்கள் தொகை, 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறே முக்கால் லட்சத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. உழ ஆளின்றி நிலங்கள் தரிசாகக் கிடந்தன.

இந்நிலையில் பேகம் அவர்கள் அரண்மனைக்குள் முடங்கிவிடவில்லை. மாவட்டங்களுக்கு நேரில் பயணம் செய்தார்கள். குடியானவர்களின் குறைகளைக் கேட்டார்கள். நிலவரி ஏற்பாட்டைத் திருத்தி அமைத்தார்கள். அரசாங்கக் கோப்புகளைத் தாமே படித்து ஆணை பிறப்பித்தார்கள். ஆட்சி புரிந்த காலமெல்லாம் புர்கா அணிந்தே அலுவல்களை நடத்தினார்கள். 1911இல் லண்டனுக்கும், அங்கிருந்து உஸ்மானியத் தலைநகராகிய இஸ்தான்பூலுக்கும் சென்றபோதும் அதே நிலைதான். கோஷா முறை அறிவுக்குத் தடை என்று சொன்னவர்களுக்கும், கோஷாவைக் காரணம் காட்டி அறிவை மறுத்தவர்களுக்கும் அவர்களின் வாழ்வே ஒரு பதிலாக இருந்தது.

ஆட்சியேற்ற மூன்றாம் ஆண்டிலேயே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். 1903இல் தொடங்கிய பயணம் 1904இல் நிறைவுற்றது. நாட்டில் இத்தனை வேலைகள் கிடக்கும்போது ஹஜ்ஜை ஒத்திப் போடலாமே என்று எண்ண அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. அல்லாஹ்வின் கடமையைப் பின்னுக்குத் தள்ளி மக்களின் கடமையை முறையாகச் செய்ய இயலாது என்பதை உணர்ந்தவர்கள் அப்படி எண்ணுவதில்லை.

அந்த 1903ஆம் ஆண்டிலேயே போபாலில் சுல்தானியா பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. பெற்றோரின் அச்சம் நீங்கும்படி கோஷா முறை பேணப்பட்டது. திருக்குர்ஆனும் உருதுவும் கணக்கும் வீட்டு நிர்வாகமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. பிரசவத்தில் தாய்மார் மடிவதைக் கண்டு, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1918இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார்கள். 1922இல் நிர்வாக சபையையும் சட்ட சபையையும் அமைத்து, ஆட்சியை ஆலோசனையின் வழியில் கொண்டு சென்றார்கள்.

அவர்களின் கொடை போபாலின் எல்லையோடு நின்றுவிடவில்லை. அலீகரில் ஷெய்கு அப்துல்லாஹ் அவர்கள் 1906இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்குப் பொருளுதவி செய்தார்கள். 1914இல் அதன் மாணவியர் விடுதியைத் திறந்து வைத்தார்கள். மௌலானா ஷிப்லீ நுஃமானீ (ரஹ்) அவர்கள் பெருமானாரின் வரலாற்றை ஸீரத்துந் நபி என்ற பெருநூலாக எழுத முனைந்தபோது, அப்பணிக்கு உதவித்தொகை வழங்கியவர்களும் இந்த பேகம் அவர்களே. 1914இல் ஷிப்லீ அவர்கள் மறைந்தபின் மாணவர் மௌலானா ஸையித் ஸுலைமான் நத்வீ (ரஹ்) அவர்கள் நூலைத் தொடர்ந்து எழுதினார்கள். அந்த நத்வீ அவர்கள்தாம் 1925இல் நம் சென்னைக்கு வந்து, நபிகளாரின் வாழ்வு குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றி, தமிழகத்து முஸ்லிம்களை மகிழ்வித்தவர்கள். போபாலில் ஒரு பெண்மணி ஊன்றிய விதையின் நிழல் நம் ஊர்வரை நீண்டதைப் பாருங்கள்!

1920ஆம் ஆண்டு அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் வேந்தராக சுல்தான் ஜஹான் பேகம் அவர்களே அமர்ந்தார்கள். மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு பெண்மணி துணைவேந்தராக வர 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் வேந்தர் பெண். முதல் பெண் துணைவேந்தர் வருவதற்கோ நூறு ஆண்டுகளுக்கு மேல்! இந்த இடைவெளி யாருடைய குறை என்பதைச் சமுதாயம் சிந்திக்க வேண்டும்.

1924ஆம் ஆண்டு அவர்களுக்கு மிகப் பெரிய சோதனையாக வந்தது. மூத்த மைந்தர்கள் இருவரும் ஒரே ஆண்டில் நோயுற்று மறைந்தார்கள். ஐந்து மக்களைப் பெற்ற அன்னைக்கு எஞ்சியவர் இளைய மைந்தர் ஹமீதுல்லாஹ் கான் ஒருவரே. மூத்த மைந்தரின் மகனுக்கு ஆட்சி செல்ல வேண்டுமா, உயிரோடிருக்கும் மைந்தருக்கா என்ற வழக்கு எழுந்தது. மகன் இருக்கப் பேரனுக்கு வாரிசுரிமை இல்லை என்ற ஷரீஅத் சட்டத்தை பேகம் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அறுபத்தேழு வயதில் 1925இல் மீண்டும் லண்டன் சென்று வாதாடினார்கள். தீர்ப்பு அவர்களின் விருப்பப்படி வந்தது. 1926இல் ஆட்சியை மைந்தரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

பதவியைப் பிடிக்கப் போராடுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். உயிர் உள்ளபோதே அதை மனமுவந்து இறக்கி வைப்போர் மிகச் சிலரே. தம் பொருளாகக் கருதுகிறவரால் அதை விட முடியாது. அமானிதம் என்று கருதியவரால்தான் விட முடியும். ஒதுங்கிய பின்னரும் கல்விப் பணியை அவர்கள் விடவில்லை. 1928இல் டில்லியில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்கள். 1930ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! நம்மில் எவரும் ஒரு சமஸ்தானத்தை ஆளப் போவதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பாளரே என்றும், தம் பொறுப்பில் உள்ளோர் குறித்து விசாரிக்கப்படுவார் என்றும், மனைவி தன் கணவரின் இல்லத்திற்குப் பொறுப்பாளி என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உங்கள் வீட்டில் வளரும் பெண்குழந்தை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மகனின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கத் தயங்காத சில இல்லங்களில், மகளின் படிப்பு மட்டும் இன்றும் பாதியில் நிறுத்தப்படுகிறது. ஓதத் தெரிந்தால் போதும் என்கிறார்கள். ஓதியதன் பொருளையாவது அவள் அறிய வேண்டாமா? நாளை அவள் மடியில் வளரப்போகும் தலைமுறைக்கு யார் ஆசிரியர்?

ஒழுக்கம் பேணும் சூழலைத் தேடுங்கள். அது உங்கள் கடமை. அப்படிப்பட்ட சூழல் இல்லையென்றால் ஊர் கூடி உருவாக்குங்கள். அதுவும் உங்கள் கடமைதான். சூழல் இல்லை என்பதையே சாக்காக்கி அவளை அறியாமையில் விட்டுவிடுவது மட்டும் கடமையாகாது. இரண்டு மகள்களை இழந்த ஒரு தாய், ஒரு நாட்டின் மகள்களுக்காகப் பள்ளி திறந்தார். மகள்களை உயிரோடும் நலத்தோடும் பெற்றிருக்கும் நாம், மறுமையில் என்ன கணக்குக் காட்டப் போகிறோம்?

வல்ல அல்லாஹ் அந்தப் பெண்மணியின் நற்பணிகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வானாக! நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களைக் குறைவின்றிப் பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.