கடற்காற்றும் காரும்: கழுவ வேண்டிய தவணை எது?

காரை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள் என்று கொழும்பில் கேட்டால், அழுக்குத் தெரியும் போது என்று பெரும்பாலானோர் பதிலளிப்பர். நாள்தோறும் காலையில் துணியால் துடைத்து விடுவதாக வேறு சிலர் பெருமையுடன் கூறுவர். இரண்டுமே போதிய பதில்களல்ல. நமது தலைநகரில் கார்களை அரித்துத் தின்பது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத கடல் உப்பே ஆகும்.

இது வெறும் அழகு சார்ந்த விடயமென ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. பதினைந்து, இருபது வருடப் பழைமையான காரே பல வீடுகளின் பெறுமதிமிக்க சொத்தாகும். அதனை இன்னும் பத்தாண்டுகள் ஓட்ட வேண்டிய நிலையில், பராமரிப்பு என்பது குடும்பப் பொருளாதாரத்துடன் பிணைந்த விடயமாகிவிட்டது.

வெள்ளவத்தையில் மரைன் டிரைவை அண்டிய தொடர்மாடிகளின் யன்னல் கம்பிகளைப் பார்த்தாலே உண்மை விளங்கும். பூசிய வர்ணம் நெடுநாள் நிலைப்பதில்லை. கறள் எட்டிப் பார்க்கிறது. அதே காற்றுத்தான் கீழே நிறுத்தப்பட்டுள்ள கார்களின் மீதும் வீசுகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரைகிறது. கொழும்பின் இரவுகள் பெரும்பாலும் அத்தகையவை. எனவே மழை பெய்யாத நாட்களிலும் இரும்பின் மீது மெல்லிய உப்புநீர்ப் படலம் தங்கியிருந்து கறளை விரைவுபடுத்துகிறது. கடலிலிருந்து காற்று பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இத்தாக்கம் மேலும் அதிகமாகும்.

மழையே காரைக் கழுவிவிடும் என எண்ணுவோர் பலர். மழை மேற்பரப்பை மாத்திரமே கழுவும். சக்கரங்களின் உட்புறம், கதவுகளின் அடி விளிம்பு, வாகனத்தின் அடிப்பாகம் ஆகியவற்றில் சேறும் உப்பும் சேர்ந்து படிந்துவிடுகின்றன. பிரேக் எண்ணெய் செல்லும் உலோகக் குழாய்களும் அடிப்பாகத்திலேயே உள்ளன. அவை கறள்பிடித்து வெடித்தால் ஆபத்து உயிருக்கே என்பது குறிப்பிடத்தக்கது.

கொட்டாஞ்சேனையின் நிலைமை சற்று வேறுபட்டது. துறைமுகம் அருகிலிருப்பதால் உப்புக் காற்றுடன் கொள்கலன் லொறிகளின் புகைக்கரியும் தூசும் சேர்கின்றன. வீட்டில் கராஜ் வசதியின்றி வீதியோரத்தில் நிறுத்தப்படும் கார்களின் மேல் காகங்களின் எச்சமும் விழுகிறது. எச்சத்திலுள்ள அமிலம் வெயிலில் காய்ந்து வர்ணத்தில் அழியாத தழும்பை ஏற்படுத்தும். இதற்கு வாராந்தத் தவணை பொருந்தாது. கண்ட அன்றே ஈரத்துணியை அதன் மேல் சற்று நேரம் வைத்து ஊறச்செய்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

அவ்வாறாயின் தவணை எது? கடலோரத்தில் திறந்த வெளியில் நிற்கும் காரை வாரம் ஒருமுறை கழுவுதல் நன்று. கடலிலிருந்து தள்ளி, கூரையின் கீழ் நிற்கும் காருக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை போதும். அடிப்பாகத்தை மாதம் ஒருமுறையும், வெள்ள நீரில் ஓட்டியிருந்தால் உடனடியாகவும் சேவை நிலையத்தில் கழுவுவது அவசியம். கழுவிய அடிப்பாகத்துக்கு டீசல் தெளிக்கும் பழைய வழக்கம் இறப்பர் பாகங்களைக் கெடுக்கும் என்பதால் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

மெழுகுப் பூச்சு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவசியம். ஆனால் ‘பொலிஷ்’ செய்வது வேறு. அது வர்ணத்தின் மேலுள்ள, தலைமயிரின் தடிப்புக்கும் குறைவான பாதுகாப்புப் படலத்தைத் தேய்த்தே பளபளப்பைத் தருகிறது. வருடத்தில் ஒருமுறைக்கு மேல் அதனைச் செய்வது பணம் கொடுத்து வர்ணத்தை இழப்பதாகும். உட்புறத்தை மாதம் ஒருமுறை தூசு நீக்கி, நனைந்த கால்மிதிகளை வெயிலில் உலர்த்தினால் பூஞ்சண நாற்றம் அண்டாது.

காலைத் துடைப்புக்கு வருவோம். தூசு படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, மணற்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பானது. ஒரே வாளி நீரில் துணியைத் திரும்பத் திரும்ப நனைத்துத் துடைத்தாலும் அதே மணல்தான் மீண்டும் வர்ணத்தில் உராய்கிறது. முதலில் நீரூற்றித் தூசை அகற்றி, பின்னர் சவர்க்கார நீருக்கு ஒரு வாளியும் துணியை அலசுவதற்கு இன்னொரு வாளியுமாக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுவதே முறை. குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் கழுவினால் வீணாகும் நூற்றுக்கணக்கான லீற்றர் நீரும் இதனால் மிஞ்சும். வாளிகளைக் கவிழ்த்து வைப்பதும், கழுவிய நீர் தேங்காது பார்ப்பதும் டெங்கு நுளம்பு பெருகும் நமது நகரில் அயலவருக்குச் செய்யும் கடமையாகும்.

காரின் பளபளப்பைக் கண்டு திருப்தியடைவது மனித இயல்பு. எனினும் அடுத்த முறை கழுவும்போது ஒருகணம் குனிந்து அதன் அடிப்பாகத்தையும் பார்ப்போமாக. பல ஆண்டுகாலச் சேமிப்பைக் கறள் அரிக்கத் தொடங்கும் இடம் அதுவே.