மருந்தடித்தும் மடியாத தத்தி

நெல்வயலில் பீடைநாசினி தெளித்த பின்னரும் பூச்சி பெருகுமாயின், மருந்தின் அளவு போதவில்லையெனக் கருதி மீண்டும் தெளிப்பது வழக்கம். மருந்து பழுதாயிருத்தலும் கூடும். ஆயினும் நல்ல மருந்தும் தோற்பதற்குரிய காரணங்கள் வயலினுள்ளேயே உள்ளன. அறக்கொட்டி என உழவர் வழங்கும் கபிலநிறத் தத்தியின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும்.

இத்தத்தி பயிரின் அடிப்பாகத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தங்கிச் சாற்றை உறிஞ்சுகின்றது. பயிர் அடர்ந்த காலத்தில் மேலிருந்து தெளிக்கப்படும் மருந்தின் பெரும்பகுதி இலைகளிலேயே படிந்துவிடும். அடிவரை சென்றாலும் முட்டைகளை அது எளிதில் தீண்டாது. தாய்த்தத்தி அவற்றை இலைமடலினுள் புதைத்து வைக்கின்றது. ஏறக்குறைய 7 முதல் 11 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்போது மருந்தின் வேகம் தணிந்திருக்கும்.

இதனினும் பெரிய கேடு வேறொன்று. தத்திகளைப் பிடித்துண்ணும் சிலந்திகளும், முட்டைகளைத் தேடி உறிஞ்சும் சிறு பூச்சிகளும் அதே மருந்தினால் மடிகின்றன. காவலர் அழிந்த வயலில் புதிய குஞ்சுகள் தடையின்றிப் பெருகுகின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், அதைத் தாங்கவல்லவை மட்டுமே தப்பி இனம்பெருக்கும். 2005ஆம் ஆண்டளவில் வியட்னாமிலும் சீனாவிலும் இமிடாகுளோபிரிட் என்னும் மருந்து இவ்வாறே வலிமை குன்றியது.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்தியது. ஆயினும் அரசின் மானியத்தால் மலிந்த மருந்து தாராளமாகத் தெளிக்கப்பட்ட ஜாவாத் தீவில், இரண்டே ஆண்டுகளில் தத்தி பெருகி வயல்களைக் கருகச் செய்தது. 1986 நவம்பரில் அந்நாட்டரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. மானியமும் படிப்படியாக நீக்கப்பட்டது. மருந்துப் பாவனை குறைந்தது. நெல் விளைவோ வீழ்ச்சியுறவில்லை.

ஆகவே, மருந்தை நாடுமுன் பயிரை விலக்கி அதன் அடியைப் பார்த்தல் வேண்டும். சிலந்திகள் மிகுந்து தத்திகள் சிலவாயின், பொறுத்திருப்பதே நன்று. யூரியாவை அளவோடு இடுதலும், சில நாள் நீரை வடித்து விடுதலும் தத்தியின் பெருக்கத்தைத் தணிக்கும். தெளித்தே ஆகவேண்டுமெனில், தெளிகருவியின் முனையைப் பயிரின் அடிக்குத் திருப்புதல் வேண்டும். முன்னர் பயனளிக்காத மருந்தையே மீண்டும் நாடலாகாது. கடன்பட்டு வாங்கிய மருந்து வயலின் காவலரைக் கொல்லுமாயின், உழவனின் நட்டம் இருமடங்காகும்.